வினை நடக்கும் இடத்தை எட்டிப் பார்க்கலாமா? சேலம் வாசகர்களின் கேள்விகள்

மூலக்கூறுகள் வினைபுரிவதை நிறமாலைமானியாலும் நுண்ணோக்கியாலும் பின்தொடர்வது பற்றிச் சேலம் மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களில் ஏழுக்கு இங்கே பதில். ராமன் என்பது லேசர் பட்டுச் சிதறும் ஒளியின் நிறமாற்றத்தை வைத்து மூலக்கூறை அடையாளம் காணும் முறை. அகச்சிவப்பு, ராமன் எண்கள் எல்லாம் அலை எண்கள், செ.மீ⁻¹ கணக்கில் வாசிக்கவும்.

எம்.எஸ்சி. திட்டப்பணிக்குச் சேலம் வெள்ளைக்கல்லை எடுத்திருக்கிறேன். மேக்னசைட் (மெக்னீசியம் கார்பனேட்) மெக்னீசியாவாக (மெக்னீசியம் ஆக்சைடு) மாறுவதை எஃப்.டி.ஐ.ஆரில் (அகச்சிவப்பு நிறமாலைமானி) காட்ட வேண்டும். 700 டிகிரியில் இரண்டு மணி நேரம் சுட்ட பிறகும் 1450 பக்கம் கார்பனேட் பட்டை விடாமல் வருகிறது. வினை முடியவில்லையா?
— மாணவி, ஓமலூர்

அநேகமாக முடிந்திருக்கும். அந்த ஒரு பட்டையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது, அவ்வளவுதான். கார்பனேட் எந்த வடிவில் இருந்தாலும் 1400-க்கும் 1500-க்கும் இடையே அகலமாக எழும்பும். ஆளை அடையாளம் காட்டுபவை கீழே இருக்கும் இரண்டு ஒல்லியான பட்டைகள். மேக்னசைட்டுக்கு 885 ஒட்டி ஒன்று, 748 ஒட்டி இன்னொன்று. இந்த இரண்டும் இருந்தால் சுடாத கல் உள்ளே மிச்சமிருக்கிறது. இரண்டும் மறைந்து 1450 மேடு மட்டும் மங்கலாக நின்றால், புதிதாகச் சுட்ட மெக்னீசியா காற்றிலிருந்து கார்பன் டைஆக்சைடைத் திரும்பப் பிடித்துக்கொண்டது என்று பொருள். அப்படியானால் 3698 ஒட்டி ஊசி மாதிரி ஒரு முகடும் தெரியும்; அது ஈரத்தை இழுத்து உண்டான மெக்னீசியம் ஹைட்ராக்சைடு. 712-ல் ஏதாவது தெரிந்தால் அது கால்சைட் (கால்சியம் கார்பனேட்). நரம்புக் கல்லோடு ஒட்டி வந்திருக்கும். அதற்கு 700 டிகிரியில், அதுவும் ஆழமான குரூசிபிளில், இரண்டு மணி நேரம் போதாது.

ஸ்பெக்ட்ரத்துக்கு முன் தராசைப் பாருங்கள். சுத்தமான மேக்னசைட் சிதைந்தால் எடையில் 52.2 சதவீதம் போக வேண்டும்: 2.000 கிராம் கல் 0.956 கிராமாகும். சேலம் கல்லில் சிலிக்காவும் செர்பென்டைன் என்ற நீர் அடங்கிய கனிமமும் கலந்திருப்பதால் உங்களுக்கு இதைவிடக் குறைவாகத்தான் போகும். ஒரு முறை சுட்டு எடை பார்த்து, மறுபடி அரை மணி நேரம் சுட்டு எடை பாருங்கள். எடை மாறாவிட்டால் வினை முடிந்தது. குரூசிபிளை டெசிக்கேட்டரில் (ஈரம் புகாத மூடிப் பாத்திரம்) ஆற வைக்காமல் மேசையில் ஆற வைத்தால் இந்தக் கணக்கே தப்பாகும்.

வினை நின்றுபோவதற்கு வழக்கமான காரணம் மூன்று. உலையின் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் வெப்பம் ஒன்றாக இருக்காது. திரையில் தெரியும் எண் தெர்மோகப்பிள் (வெப்ப உணரி) இருக்கும் இடத்தின் வெப்பம் மட்டுமே. தூளைக் குவித்து வைத்தால் வெளியேறும் வாயு இடுக்குகளில் தங்கி வினையைப் பின்னுக்குத் தள்ளும். சில மில்லிமீட்டர் கனத்தில் பரப்புங்கள். மூன்றாவது, துகள் பெரிதாக இருப்பது.

தெர்மோகிராவிமெட்ரி (சூடேற்றிக்கொண்டே எடை பார்க்கும்) கருவி கிடைத்தால் 10 மி.கி. மாதிரி, நிமிடத்துக்கு 10 டிகிரி, நைட்ரஜன் ஓட்டம் என்று ஓட்டுங்கள். டோலமைட் (கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்த கார்பனேட்) கலந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தால் இன்னொரு ஓட்டத்தில் நைட்ரஜனுக்குப் பதில் கார்பன் டைஆக்சைடு விடுங்கள். நைட்ரஜனில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும் டோலமைட்டின் இரண்டு படிகள் அப்போது தனித்தனியாகப் பிரியும். வெளியேறும் வாயுவை எஃப்.டி.ஐ.ஆருக்குள் செலுத்தும் இணைப்பு இருந்தால் இன்னும் நல்லது. செர்பென்டைனும் 600-700 டிகிரியில்தான் தண்ணீரை விடும், எடைக்கோட்டில் அது கார்பன் டைஆக்சைடு இழப்போடு கலந்துவிடும். கார்பன் டைஆக்சைடின் 2349 பட்டையும் நீராவிக் கோடுகளும் தனித்தனியே வந்தால் எது எவ்வளவு என்று பிரித்துவிடலாம். இணைப்புக் குழாய் 200 டிகிரிக்குக் குறையாமல் இருக்கட்டும், இல்லாவிட்டால் நீர் குழாயிலேயே படியும்.

சூடேற்றிக்கொண்டே எஃப்.டி.ஐ.ஆரில் அளக்கும் செல்லை (மாதிரி வைக்கும் சிறு அறை) யாராவது தருகிறேன் என்றால் ஓர் எச்சரிக்கை. அங்கே மாதிரியைப் பொட்டாசியம் புரோமைடோடு கலக்கும் வழக்கம் உண்டு. அது 734 டிகிரியில் உருகி, செல்லையே நாசமாக்கும். கால்சியம் ஃபுளூரைடு தாங்கும், ஆனால் 885-ஐ விழுங்கிவிடும். வைரத்தூள்தான் சரி.

ராமனில் பார்ப்பதாக இருந்தால் மேக்னசைட்டின் 1094 கோடு தேய்வதைத்தான் பின்தொடர வேண்டும். மெக்னீசியாவின் படிக அமைப்பு சமையல் உப்பின் அமைப்பே என்பதால் அதற்கு முதல்நிலை ராமன் கோடு கிடையாது. பழைய கோடு மறைந்து புதிதாக எதுவும் வராததைக் கண்டு கருவி கெட்டுவிட்டது என்று நினைத்து லேசரைக் கூட்டாதீர்கள். விளைபொருளைக் காட்ட எக்ஸ்.ஆர்.டி. (எக்ஸ்-கதிர் விளிம்பு விலகலால் படிகத்தை அடையாளம் காணும் முறை) எடுங்கள்: தாமிரக் குழாயில் மேக்னசைட் 32.6 டிகிரி, மெக்னீசியா 42.9, 62.3.

இன்னொன்று, காசே ஆகாத சோதனை. சுட்ட தூள் 2 கிராம், 0.4 நார்மல் சிட்ரிக் அமிலம் 100 மி.லி., சில துளி பினால்ஃப்தலீன். கலக்கிக்கொண்டே இருந்தால் எத்தனை நொடியில் இளஞ்சிவப்பாகிறது என்று பாருங்கள். மிதமாகச் சுட்டது ஒரு நிமிடத்துக்குள் நிறம் மாறும். அதிகம் சுட்டது பல நிமிடம் எடுக்கும். ஒரே வெப்பநிலையில் ஒப்பிட்டால்தான் செல்லும். எந்தத் தூள் எவ்வளவு வினைத்திறனோடு இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்த ஸ்பெக்ட்ரமும் சொல்லாது.

ஏற்காட்டில் பனிமூட்டக் காலத்தில் பொட்டாசியம் புரோமைடு பெல்லட் (மாதிரியைக் கலந்து அழுத்திய வில்லை) போட்டால் வெள்ளையாகப் பூக்கிறது. 3400-லும் 1640-லும் பெரிய மேடு. மாதிரியில் ஹைட்ராக்சில் இருக்கிறதா, ஈரமா என்றே தெரியவில்லை.
— ஆய்வக உதவியாளர், ஏற்காடு

ஈரம்தான். 3400 மட்டும் வந்தால் சந்தேகப்படலாம். 1640-ம் சேர்ந்து வந்தால் அது தண்ணீர் மூலக்கூறு. பொட்டாசியம் புரோமைடை 110 டிகிரியில் இரவு முழுக்க உலர்த்தி, சூடு ஆறாமலே டெசிக்கேட்டருக்கு மாற்றுங்கள். 200 மி.கி.க்கு மாதிரி 1 மி.கி. போதும், கார்பனேட்டாக இருந்தால் அரை மி.கி. அதிகம் போட்டால் பட்டையின் நுனி தட்டையாகிவிடும், அதிலிருந்து அளவு கணக்கிட முடியாது. 13 மி.மீ. டையில் (அச்சு) வெற்றிடம் இழுத்துக்கொண்டே 8 முதல் 10 டன் வரை, இரண்டு நிமிடம். பட்டைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து தெரிந்தால் அரைத்தது போதவில்லை. துகள் 2 மைக்ரானுக்குக் கீழே வர வேண்டும். மாதிரி போடாத பெல்லட் ஒன்றையும் அதே நேரத்தில் செய்து, அதையே பின்னணியாக எடுங்கள். தூளை அப்படியே படிகத்தின் மேல் அழுத்தி அளக்கும் வைரப் படிக ஏ.டி.ஆர். இருந்தால் மழைக்காலம் முடியும்வரை பெல்லட்டை மறந்துவிடலாம்.

பள்ளி மைக்ரோஸ்கோப்பை வைத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வேதிவினையைக் கண்ணால் காட்ட முடியுமா? எங்கள் பக்கம் மரவள்ளிக் கிழங்கும் ஜவ்வரிசி ஆலையும்தான் நிறைய.
— அறிவியல் ஆசிரியர், ஆத்தூர்

தாராளமாக. மரவள்ளி மாவைப் போலப் பொருத்தமான பொருள் கிடைப்பது அரிது. ஆனால் ஜவ்வரிசியைப் பொடித்து எடுக்காதீர்கள்; ஆலையில் வறுத்ததும் வேகவைத்ததும் மாவின் துகள்களைப் பாதி சிதைத்திருக்கும். ஈர மாவையோ வெயிலில் காய்ந்த ஸ்டார்ச்சையோ கேட்டு வாங்குங்கள்.

துருவமாக்கும் பிளாஸ்டிக் தாள் இரண்டு துண்டு வேண்டும். ஒன்றை விளக்குக்கு மேல், இன்னொன்றை ஐபீஸின் மேல் வையுங்கள். மேல்தாளைத் திருப்பி, பின்புலம் இருட்டாகும் இடத்தில் நிறுத்துங்கள். ஒரு சிட்டிகை மாவை ஒரு துளி நீரில் கலந்து 400 மடங்கில் பார்த்தால் ஒவ்வொரு துகளிலும் வெளிச்சத்துக்கு நடுவே கறுப்புச் சிலுவை தெரியும். மரவள்ளித் துகள் 5 முதல் 35 மைக்ரான். ஒரு பக்கம் வெட்டிவிட்டது போல் இருக்கும். மக்காச்சோள மாவின் துகள் பல கோணமாகச் சப்பையாக இருப்பதால், கலப்படம் பார்ப்பவர்களும் இந்த வித்தியாசத்தைத்தான் தேடுவார்கள்.

இப்போது ஐந்து சோதனைக் குழாய்களில் மாவுக் கரைசல் எடுத்து 50, 55, 60, 65, 70 டிகிரி நீர்த்தொட்டியில் ஐந்தைந்து நிமிடம் வைத்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு துளி பாருங்கள். நூறு துகளில் எத்தனைக்குச் சிலுவை மிச்சம் என்று பிள்ளைகளே எண்ணட்டும். அறுபதைத் தாண்டும்போது எண்ணிக்கை சரிந்து, துகள் ஊதி, சிலுவை அணையும். வெப்பமானியைத் தொட்டியில் அல்ல, குழாய்க்குள் வையுங்கள்.

இது துகளுக்குள் இருக்கும் ஒழுங்கு குலைவது; பிணைப்பு உடைவது அல்ல என்பதைச் சொல்லிவிடுங்கள். பிணைப்பு உடையும் வினைக்கு அயோடின். 2 கிராம் பொட்டாசியம் அயோடைடைச் சிறிது நீரில் கரைத்து, அதில் 0.2 கிராம் அயோடினைக் கரைத்து 100 மி.லி. ஆக்குங்கள். ஆற வைத்த ஒரு சதவீதக் கஞ்சியில் உமிழ்நீர் கலந்து 37 டிகிரியில் வைத்து, நிமிடத்துக்கு ஒரு துளி எடுத்து அயோடினோடு சேருங்கள். நீலம், ஊதா, செம்பழுப்பு, கடைசியில் வெறும் மஞ்சள் என்று நிறம் இறங்கும். உமிழ்நீரின் அமைலேஸ் சங்கிலியை வெட்ட வெட்ட, 620 நானோமீட்டர் அருகே இருந்த ஒளியுறிஞ்சல் குறுகிய அலைநீளத்துக்கு நகர்கிறது. சூடான கஞ்சியில் அயோடின் விட்டால் நீலமே வராது. வினை முடிந்துவிட்டது என்று பிள்ளைகள் எழுதிவைப்பார்கள். ஆற வைத்தபின் விடுங்கள்.

எங்களுக்குக் கொலுசுப் பட்டறை. வெள்ளித் தூள் இருந்தால் ராமன் சிக்னல் பல லட்சம் மடங்கு கூடும் என்கிறாள் கல்லூரிக்குப் போகும் மகள். பட்டறைச் சீவலை வைத்துச் செய்யலாமா? அப்படியே, கொலுசு கறுப்பதையும் இதில் அளக்க முடியுமா?
— வெள்ளித் தொழிலாளர், செவ்வாய்ப்பேட்டை

மகள் சொல்வது சரி. சொரசொரப்பான வெள்ளியின் மேல் ஒட்டிய மூலக்கூறின் ராமன் சிக்னல் எதிர்பாராத அளவு பெரிதாக இருப்பது 1974-ல் தெரிந்தது. அது மூலக்கூறுகள் எண்ணிக்கையில் கூடியதால் மட்டும் வந்தது அல்ல என்று 1977-ல் நிறுவினார்கள்.

சீவல் மட்டும் வேண்டாம். அதில் செம்பு கலந்திருக்கும். நைட்ரிக் அமிலத்தில் கரைத்தால் வரும் பழுப்புப் புகை நுரையீரலைக் கெடுக்கும். கல்லூரி ஆய்வகத்தில் வெள்ளி நைட்ரேட் இருக்கும். 18 மி.கி. எடுத்து 100 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் கரைத்துக் கொதிக்க வைத்து, ஒரு சதவீத சோடியம் சிட்ரேட் 2 மி.லி. விட்டு, ஒரு மணி நேரம் கொதி நிற்காமல் கலக்குங்கள். பச்சை கலந்த சாம்பல் மஞ்சளாகக் கலங்கும், யு.வி. (புற ஊதா-கண்ணுறு ஒளி) நிறமாலைமானியில் 420 நானோமீட்டர் ஒட்டி முகடு. வெள்ளி நைட்ரேட் போட்டவுடனே பால் போல வெளுத்தால் நீரில் குளோரைடு இருக்கிறது, கொட்டிவிட்டு நல்ல நீரில் தொடங்குங்கள். கண்ணாடிப் பாத்திரம் சுத்தமில்லாவிட்டால் சுவரில் கண்ணாடி மாதிரி வெள்ளி படியும், கூழ்மம் நிற்காது.

இதில் வினையைப் பார்க்க எல்லோரும் எடுப்பது 4-நைட்ரோதயோபீனால். கந்தக முனை வெள்ளியைப் பிடித்துக்கொள்ளும். 1335 ஒட்டிய நைட்ரோ முகடு குறையக் குறைய 1140, 1390, 1440 பக்கம் புது முகடுகள் எழும்பும். இரண்டு மூலக்கூறுகள் நைட்ரஜன் வழியாகக் கைகோத்து அசோ சேர்மமாகிவிட்டன. ஆனால் இந்த வினையை நடத்தியது யார்? பார்ப்பதற்காக விட்ட அதே லேசர். ஒரு மைக்ரான் அகலப் புள்ளியில் 1 மில்லிவாட் என்றால் சேலத்து மே மாத உச்சி வெயிலைவிடப் பத்து லட்சம் மடங்குக்கும் மேல்.

இதனால் ஒரு துறையே பல ஆண்டுகள் ஏமாந்திருக்கிறது. 4-அமினோதயோபீனாலை வெள்ளியில் வைத்தபோது வந்த இதே முகடுகளை அந்த மூலக்கூறின் சொந்த அதிர்வுகள் என்று 1990-கள் முழுக்க விளக்கினார்கள். அது அங்கேயே உருவான அசோ சேர்மத்தின் கையெழுத்து என்று 2010 வாக்கில்தான் தெளிவானது. ஆகவே மகளிடம் சொல்லுங்கள்: 532 நானோமீட்டர் லேசர் என்றால் 0.05 மில்லிவாட்டில் தொடங்கி, ஒரே இடத்தில் ஒவ்வொரு வினாடியாக வரிசையாக ஸ்பெக்ட்ரம் எடுக்கட்டும். பிறகு இடம் மாற்றி, திறனை இரட்டிப்பாக்கி, மறுபடி. திறனோடு வேகம் மாறினால் வினைக்குக் காரணம் ஒளி. மாதிரியை லேசர் படாமல் இருட்டில் ஒரு மணி நேரம் வைத்து முதல் வினாடி ஸ்பெக்ட்ரத்தை ஒப்பிட வேண்டும். இந்த இருட்டுச் சோதனை இல்லாத முடிவை நாங்கள் நம்புவதில்லை. 1350-க்கும் 1580-க்கும் இரண்டு அகன்ற மேடு வந்தால் மூலக்கூறு கருகிக் கரியாகிவிட்டது.

கறுப்பது வெள்ளி சல்ஃபைடு. கறை மெல்லியதாக இருக்கும்போது எஸ்.இ.எம். (எலக்ட்ரான் நுண்ணோக்கி) கருவியின் எக்ஸ்-கதிர்ப் பகுப்பாய்வை வழக்கமான 20 கிலோவோல்ட்டில் எடுத்தால் எலக்ட்ரான் கறையைத் துளைத்து அடியில் உள்ள வெள்ளியைத்தான் காட்டும், கந்தகம் இல்லை என்று அறிக்கை வரும். 5 கிலோவோல்ட்டில் எடுக்கச் சொல்லுங்கள். எக்ஸ்.பி.எஸ். (எக்ஸ்-கதிர் பட்டு வெளிவரும் எலக்ட்ரான்களின் ஆற்றலை அளக்கும் முறை) என்றால் வெள்ளியின் முகடு அசைவது மிகச் சொற்பம். 161 எலக்ட்ரான் வோல்ட் பக்கம் கந்தகத்தைத் தேட வேண்டும்.

அணுவையே காட்டும் நுண்ணோக்கிகள் வந்துவிட்டனவே, அதில் வினை நடப்பதை வீடியோ எடுக்க முடியாதா?
— கல்லூரி மாணவர், மேட்டூர்

முன்னும் பின்னும் எடுக்கலாம், நடுவில் முடியாது. இந்த நுண்ணோக்கிகள் கூரிய ஊசிமுனையால் பரப்பை வருடித்தான் படமெடுக்கின்றன; ஒரு படத்தை வருடி முடிக்க நிமிடங்கள் ஆகும். பிணைப்பு உடைவது அதில் கோடானுகோடியில் ஒரு பங்கு நேரத்தில். அதனால் மாதிரியைச் சுமார் 5 கெல்வினுக்குக் குளிர்வித்து, கடும் வெற்றிடத்தில் மூலக்கூறை அசையாமல் உறைய வைத்துப் பார்க்கிறார்கள். 2000-ல் ஊசிமுனையாலேயே அயோடோபென்சீனிலிருந்து அயோடினைப் பிரித்து, மிஞ்சிய இரண்டு துண்டுகளைத் தள்ளிச் சேர்த்து பைபீனைல் ஆக்கிக் காட்டினார்கள். 2009-ல் முனையில் ஒரு கார்பன் மோனாக்சைடு மூலக்கூறை ஒட்டவைத்து பென்டசீனின் ஐந்து வளையங்களையும் படமாக்கினார்கள். 2013-ல் பெர்க்லியில் வெள்ளிப் பரப்பின் மேல் ஒரு மூலக்கூறைப் படமெடுத்து, 90 டிகிரிக்கு மேல் சூடாக்கி, மறுபடி குளிர்வித்துப் படமெடுத்தபோது பிணைப்புகள் எப்படி மாறிச் சேர்ந்து புது வளையங்களானது என்று கோடு கோடாகத் தெரிந்தது. ஆனால் அந்தப் படங்களில் காணும் கோட்டின் நீளத்தை அளந்து பிணைப்பின் நீளம் என்று எழுதக் கூடாது. முனையின் நுனி மூலக்கூறு வளைவதால் உருவம் இழுபடும்.

சரி, அந்த நடுவில் நடப்பதை ஃபெம்டோ வினாடி (வினாடியில் ஆயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்கு) லேசரில் பார்க்கிறார்களாம். ஒரு ஃபெம்டோ வினாடியை அளக்கும் கடிகாரம் எது?
— பொறியியல் மாணவி, சூரமங்கலம்

கடிகாரமே இல்லை, அளவுகோல்தான். ஒளி ஒரு ஃபெம்டோ வினாடியில் 0.3 மைக்ரான் போகும். லேசர் துடிப்பை இரண்டாகப் பிரித்து, ஒன்று மூலக்கூறைக் கிளப்ப, மற்றது சற்றுப் பின்னால் வந்து அதன் நிலையைப் பார்க்கிறது. பின்னது போகும் வழியில் நகரும் மேடை மேல் ஒரு கண்ணாடி ஜோடி. மேடையை 0.15 மைக்ரான் நகர்த்தினால் போக வரச் சேர்த்து ஒரு ஃபெம்டோ வினாடி தாமதம், 15 செ.மீ. நகர்த்தினால் ஒரு நானோ வினாடி. அயோடின் சயனைடு மூலக்கூறு சுமார் 200 ஃபெம்டோ வினாடியில் பிரிவதை இப்படித்தான் வேதியியலாளர் அகமது சிவேல் காட்டினார். 1999-ல் அவருக்கு நோபல் பரிசு.

மேடை நீண்ட தூரம் ஓடும்போது கதிர் இம்மி விலகினாலும் சிக்னல் குறையும், அது வினை தேய்வது போலவே தெரியும். அதனால் முதலில் எந்த மாற்றமும் இல்லாத மாதிரியில் மேடையை முழுதும் ஓட்டிப் பார்ப்பது வழக்கம். நேரம் பூஜ்ஜியத்தில், அதாவது இரண்டு துடிப்பும் ஒன்றாக வந்து சேரும்போது, கரைப்பான் மட்டுமே ஒரு பொய் முகடு தரும். வெறும் கரைப்பானையும் அளந்து வைக்க வேண்டும். அளக்கும் வெள்ளை ஒளியில் சிவப்பு முந்தியும் நீலம் பிந்தியும் வரும், அதையும் திருத்த வேண்டும்.

மாதிரி கொண்டுபோவதானால் 1 அல்லது 2 மி.மீ. செல்லில், கிளப்பும் அலைநீளத்தில் உறிஞ்சல் 0.3 முதல் 0.5 வரை இருக்கும்படி தயாரியுங்கள். பத்து இருபது மி.லி. கையில் இருக்கட்டும், ஒரே துளியை லேசரில் நெடுநேரம் காட்டினால் அழிந்துவிடும், பம்பில் ஓட விட வேண்டும். முன்னும் பின்னும் யு.வி. ஸ்பெக்ட்ரம் எடுத்து ஒப்பிடுங்கள். தமிழ்நாட்டுக்குள் என்றால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் அதிவேக நிகழ்வுகளுக்கான தேசிய மையம் இருக்கிறது. மற்ற கருவிகளுக்கு ஐ-ஸ்டெம் என்ற, ஆய்வுக் கருவிகளைப் பகிரும் அரசு இணையதளத்தில் தேடலாம். விண்ணப்பத்தில் "ஸ்பெக்ட்ரம் வேண்டும்" என்று எழுதாமல், எந்த மூலக்கூறு எதுவாக மாறுகிறது, எந்த நேர எல்லையில் என்று இரண்டு வரி எழுதுங்கள். பொருந்தாத கருவி என்றால் அங்கேயே சொல்லிவிடுவார்கள்.

சேர்வராயன் காப்பிக் கொட்டை வறுபடும்போது நடப்பதைக் கையடக்க ராமன் கருவியில் பார்க்கலாமா?
— காப்பித் தோட்டக்காரர், ஏற்காடு

வறுத்த பிறகு பயனில்லை. பழுப்பு நிறம் லேசரை உறிஞ்சிச் சூடாகும், ஒளிர்வு வேறு ராமன் சிக்னலை மூழ்கடிக்கும். வறுக்கும்போது பின்தொடர அருகு-அகச்சிவப்புக் கருவிதான் ஏற்றது; நீர் குறைவதை 1940 நானோமீட்டர் பட்டை நன்றாகக் காட்டும். பச்சைக் கொட்டையின் எண்ணெய் வேறு விஷயம். 1064 நானோமீட்டர் லேசர் உள்ள ராமனில் 1567, 1478 முகடுகள் கஹ்வியோல் என்ற காப்பி எண்ணெயின் சேர்மத்தைக் காட்டும். அது அராபிகாவில் அதிகம், ரொபஸ்டாவில் மிகக் குறைவு. கொட்டையைத் திரவ நைட்ரஜனில் உறைய வைத்து அரைத்து, எண்ணெயைப் பிரித்தெடுத்து அளக்க வேண்டும். கையடக்கக் கருவிகள் பெரும்பாலும் 785 நானோமீட்டர் என்பதால், வாங்கும் முன் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.